இல்லாத நாளில் அளந்து பார்த்தால்: மிலான் பின்களத்தின் கதை

திருகோணமலையில் மாலை உதைபந்தாட்டம் முடிந்ததும் யாரும் உடனே வீட்டுக்குப் போவதில்லை. சப்பாத்தைக் கழற்றி மணலைக் கொட்டுவது ஒரு சாக்கு. அரை மணி நேரம் வாய்ச்சண்டை போடுவதுதான் நோக்கம். கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மான்கள் நாலைந்து கோல் கம்பத்தடியில் மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு நம் சண்டை பழகிப்போன ஒன்று. அண்மையில் அப்படியொரு மாலையில், சிவப்புக் கறுப்புக் கோடு போட்ட, இத்தாலியக் கழகமான ஏ.சி. மிலானின் மேற்சட்டை அணிந்த ஒரு தம்பி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். மிலானின் பழைய பின்கள வீரர்களான பிராங்கோ பரேசியும் பவுலோ மல்டினியும் சேர்ந்து நிற்கும் படம். அடியில் ஒரு வரி: இருவரும் சேர்ந்து ஆடிய 196 ஆட்டங்களில் மிலான் வாங்கிய கோல்கள் வெறும் 23.

"இதற்குமேல் என்ன அண்ணா பேச்சு?" என்றான்.

பேச்சு இருக்கிறது. அந்த எண் இணையத்தில் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. அது உண்மையாக இருக்க வழியே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய புள்ளிப் பட்டியல் போதும். 1991-92 பருவத்தில் மிலான் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் இத்தாலியின் முதற்பிரிவான சீரி ஆ கிண்ணத்தை வென்றது. 34 ஆட்டங்கள், வாங்கிய கோல்கள் 21. அடுத்த பருவத்திலும் மிலான்தான் வாகை சூடியது. வாங்கிய கோல்கள் 32. இரண்டு பருவத்துக்கே 53 ஆகிவிட்டது. பரேசியும் மல்டினியும் அந்த ஆண்டுகளில் தவறாமல் ஆடியவர்கள். அவர்களில் ஒருவர் இல்லாத சில ஆட்டங்களைக் கழித்தாலும் 196 ஆட்டங்களுக்கு 23 என்ற கணக்கு நிற்காது. யாரோ ஒருவர் ஒரு படத்தில் எழுதினார், மற்றவர்கள் பகிர்ந்தார்கள், அவ்வளவுதான்.

பொய் எண்ணைவிட, அது ஏன் தேவைப்பட்டது என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி. முன்கள வீரரை ஒப்பிடுவதற்கு எண் இருக்கிறது. இத்தனை ஆட்டம், இத்தனை கோல் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகலாம். பின்கள வீரரின் நல்ல வேலை கணக்கில் வராது. அவர் இரண்டு அடி இடப்புறம் நகர்ந்ததால் எதிரணி வீரர் பந்தைக் கொடுக்காமல் திரும்பிப் போயிருப்பார். அதை எந்தப் பட்டியலிலும் எழுத முடியாது. சறுக்கிப் போய்ப் பந்தைப் பறித்தால் படம் பிடிப்பார்கள். சறுக்கவேண்டிய தேவையே வராமல் நின்றவரை யார் படம் பிடிப்பது? நானும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வலது பெக்காக ஆடியவன். எங்கள் கழகத்தில் பெக் தெரிவு செய்யும் முறை எளிது: முன்னால் விட்டால் பந்தைக் கெடுப்பான், பின்னால் நிற்கட்டும். அந்த மனக்குறையோடுதான் இதை எழுதுகிறேன் என்பதை வாசகர் கவனத்தில் கொள்ளலாம்.

மிலானை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், உலகில் வேறெந்தக் கழகமும் தன் வரலாற்றைப் பின்கள வீரர்களைக் கொண்டே சொல்லிவிட முடியாது என்பதுதான். பிரேசிலின் பெருமை முன்களம், பார்சிலோனாவின் பெருமை மத்தியகளம். மிலானில் மரியாதைக்காக ஓய்வு கொடுக்கப்பட்ட மேற்சட்டை இலக்கங்கள் இரண்டு. 6 பரேசியுடையது, 3 மல்டினியுடையது. இரண்டுமே பின்களத்து இலக்கங்கள்.

கதை மல்டினியின் தந்தையிலிருந்து தொடங்குகிறது. செஸாரே மல்டினி திரியெஸ்தே நகரத்தவர். 1954இல் மிலானுக்கு வந்தார். அவருடைய பயிற்றுவிப்பாளர் நெரேயோ ரொக்கோவும் அதே ஊர்க்காரர். அக்காலத்து இத்தாலியில் பின்களம் என்றால் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு திரிவது. அவர்களுக்குப் பின்னால் ஒருவர் மட்டும் யாரையும் பிடிக்காமல் நின்று, தப்பி வருவதைக் கூட்டித் தள்ளுவார். அவருக்கு லிபரோ என்று பெயர். கட்டற்றவர் என்று பொருள். செஸாரே அந்த இடத்தில் அழகாக ஆடுபவர். அழகு சில நேரம் அளவுக்கு மிஞ்சிப்போய், காலடியில் பந்தை வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டிப் பறிகொடுப்பார். அந்தத் தவறுகளுக்கு இத்தாலியர்கள் 'மல்டினாத்தே' என்று ஒரு சொல்லே உண்டாக்கினார்கள். அந்தக் குடும்பப் பெயரை மகன் எந்த உயரத்துக்குக் கொண்டுபோனார் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் 1963இல் வெம்பிளியில் பென்பிகாவை 2-1 என வென்று மிலான் முதன்முறையாக ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியபோது அணித் தலைவர் செஸாரேதான்.

பரேசியின் கதை வேறு மாதிரி. பிரெஷியாவுக்கு அருகே பிறந்தவர். அண்ணன் ஜுசெப்பேயை இன்டர் கழகம் எடுத்துக்கொண்டது. தம்பி சின்னப் பையன் என்று திருப்பி அனுப்பிவிட்டது. முழு வளர்ச்சியிலும் அவர் உயரம் 176 சென்ரிமீற்றர்தான். நடுப் பின்களத்துக்கு அது குறைவு. 1978இல் மிலானின் முதல் அணியில் இறங்கினார். அடுத்த பருவத்தில், 19 வயதாகும்போது, லிபரோவாகக் கிண்ணம் வென்றார். பிறகு வந்தது சரிவு. 1980இல் பந்தய ஊழலுக்காக மிலான் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. திரும்பி வந்து 1982இல் மறுபடி இறங்கியது, இம்முறை ஆடத் தெரியாமலேயே. அந்த ஆண்டு பலர் வேறு கழகங்களுக்குப் போனார்கள். பரேசி போகவில்லை. 22 வயதில் தலைமைப் பட்டியைக் கையில் கட்டிக்கொண்டு இரண்டாம் பிரிவில் ஆடினார். மொத்தம் 719 ஆட்டங்கள், ஒரே கழகம்.

1987இல் அரிகோ சாக்கி பயிற்றுவிப்பாளராக வந்தபோது பரேசிக்கு வயது 27. அதுவரை கற்றதில் பாதியை மறக்கச் சொன்னார் சாக்கி. ஆளைப் பிடிக்காதே, இடத்தைப் பிடி. பின்னால் தனியே நிற்காதே, நால்வரும் ஒரே கோட்டில் நில்லுங்கள். அந்தக் கோடு கோலுக்கு அருகில் அல்ல, மைதான நடுவை நோக்கி மேலேறி நிற்கட்டும். முன்கள வீரருக்கும் கடைசிப் பின்கள வீரருக்கும் இடையே ஏறத்தாழ 25 மீற்றர் மட்டும் இருக்கட்டும். பின்னால் கிடக்கும் நாற்பது மீற்றர் வெளிக்கு யார் பொறுப்பு? ஓப்சைட் விதிதான் பொறுப்பு. எதிரணி பந்தை முன்னே கொடுக்கும் கணத்துக்குச் சற்று முன் நால்வரும் ஓரடி மேலே வந்தால், அவர்களைத் தாண்டி நிற்கும் எதிரணி வீரர் ஓப்சைட்டில் மாட்டிக்கொள்வார்.

எழுதுவதற்கு எளிதாக இருக்கிறது. உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் வில்லங்கம் விளங்கும். இரண்டு பக்கக் கயிறும் ஒரே சீராக வரவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மடிக்குள் வந்த மீன் வெளியே போய்விடும். இருபது பேர் இழுத்தாலும் ஒருவர் குரல்தான் எல்லாக் கையையும் நகர்த்துகிறது. மிலானின் கோட்டில் அந்தக் குரல் பரேசி. தசோட்டி, கொஸ்டகுர்ட்டா, பரேசி, மல்டினி என்று வலமிருந்து இடமாக நின்ற நால்வரில் மற்ற மூவரும் பந்தைப் பார்த்தார்கள், பரேசியையும் பார்த்தார்கள். அவர் காலெடுத்தால் கோடு எழும்பும். வலக்கையை உயர்த்திக்கொண்டு அவர் மத்தியஸ்தரைப் பார்க்கும் அந்தக் காட்சி, முறையீடு என்பதைவிட அறிவித்தல் போல இருக்கும்.

சாக்கி பின்னாளில் சொன்ன ஒரு கதை உண்டு. மிலானின் டச்சு முன்கள நட்சத்திரங்களான ரூட் குலிட்டும் வான் பாஸ்டனும் இந்த ஒழுங்கில் நம்பிக்கை இல்லாமல் இருந்தபோது அவர் ஒரு பந்தயம் வைத்தார். ஒரு பக்கம் கோல் காப்பாளரும் இந்த நால்வரும், ஐந்தே பேர். மறுபக்கம் குலிட், வான் பாஸ்டன், ரைகார்ட், டொனடோனி உட்படப் பத்துப் பேர். பதினைந்து நிமிடத்தில் ஒரு கோல் போடவேண்டும். பந்தை இழந்தால் தம் பாதிக்குள்ளிருந்து மறுபடி தொடங்கவேண்டும். எத்தனை முறை முயன்றும் பத்துப் பேராலும் ஒரு கோல் போட முடியவில்லையாம். சொன்னவர் தம் முறையை விற்க வந்தவர் என்பதால் சிறிது தள்ளுபடி செய்தே கேட்கவேண்டும். ஆனால் 1987-88 பருவத்தின் எண் அவருக்குச் சாட்சி சொல்கிறது: 30 ஆட்டங்கள், வாங்கிய கோல்கள் 14. 1989 ஏப்ரலில் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் ரியல் மட்ரிட் மிலானுக்கு வந்து 5-0 என்று தோற்றுப் போனது. ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான அந்த ஆண்டின் தங்கப் பந்து விருதில் முதல் மூன்று இடமும் மிலானுக்கே. வான் பாஸ்டனுக்கும் ரைகார்டுக்கும் நடுவே, இரண்டாம் இடத்தில், பரேசி.

அந்தக் காலத்து விதியையும் கணக்கில் எடுக்கவேண்டும். கோட்டுக்குச் சமமாக நிற்பவர் ஓப்சைட் என்பது 1990 வரை விதி. பின்கள வீரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கோல் காப்பாளர் கையால் எடுக்கலாம் என்பது 1992 வரை. பின்னாலிருந்து வந்து காலை வெட்டினால் சிவப்பு அட்டை என்பது 1998இல் இறுகியது. 2005க்குப் பிறகு, ஓப்சைட்டில் வெறுமனே நிற்பவரை விட்டுவிட்டு, ஆட்டத்தில் தலையிட்டால்தான் கொடி தூக்கவேண்டும் என்று விளக்கம் வந்தது. பரேசியின் கை இன்று உயர்ந்தால் பாதி நேரம் அது காற்றைத்தான் பிடிக்கும். இன்றைய பின்கள வீரர்களோடு அவரை ஒப்பிடுவோர் இதைச் சொல்வதில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: அன்று முன்கள வீரர்கள் வாங்கிய அடிகளுக்கு இன்று பாதிப் பின்களமும் மைதானத்தைவிட்டு வெளியேறியிருக்கும்.

மல்டினிக்கு வருவோம். 1985 ஜனவரி 20ஆம் திகதி உடினேசே அணிக்கு எதிராக இடைவேளைக்குப் பின் இறங்கினார். வயது 16. கடைசி ஆட்டம் 2009 மே மாதம், 41ஐ நெருங்கும்போது. இடையில் மிலானுக்காக 902 ஆட்டங்கள். ஐரோப்பியக் கிண்ண இறுதிப்போட்டிகள் எட்டு, வென்றவை ஐந்து. 2003இல் அவர் தலைவராகக் கிண்ணத்தைத் தூக்கினார். தந்தை தூக்கி சரியாக 40 ஆண்டுகள். வலது காலால் ஆடுபவர் இடது பெக்காக நின்று உலகில் மிகச் சிறந்தவர் என்று பெயர் எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த இடத்தில் ஒரு நாளாவது நின்றவருக்குத் தெரியும். வெளிப்புறம் திரும்பி ஓடும் வீரரைத் தடுக்க இடது கால் வேண்டும். மல்டினி அதைச் செய்துகொண்டார், ஆடம்பரமில்லாமல்.

கொஸ்டகுர்ட்டாவையும் தசோட்டியையும் இந்த விவாதத்தில் யாரும் கொண்டுவருவதில்லை. 663 ஆட்டங்கள் ஆடிய கொஸ்டகுர்ட்டா போன்ற ஒருவரை, 41 வயதில் கோல் போட்டுவிட்டு விடைபெற்ற ஒருவரை, 'மற்றவர்' என்று தள்ளிவிடும் வசதி வேறெந்தக் கழகத்துக்கும் கிடையாது.

இனி என் அளவுகோல். எண் உதவாது, படத்துணுக்கு உதவாது என்றால் பின்கள வீரரை எதைக்கொண்டு அளப்பது? அவர் இல்லாத நாளைக்கொண்டு அளக்கலாம் என்று நெடுநாளாக நினைத்து வந்தேன். சுவரில் எந்தக் கல் பாரம் தாங்கியது என்று அதைப் பிடுங்கினால்தானே தெரியும்.

1994 இந்தச் சோதனைக்கென்றே வந்த ஆண்டு. மிலான் அந்தப் பருவத்தில் 34 ஆட்டங்களில் 15 கோல்தான் வாங்கியது. கோல் காப்பாளர் செபஸ்தியானோ ரொஸ்ஸி தொடர்ந்து 929 நிமிடங்கள் கோல் வாங்காமல் நின்றார். (அடித்தது 36தான். அப்போதைய பயிற்றுவிப்பாளர் கபெல்லோவின் மிலானை இரவிரவாகக் கண்விழித்துப் பார்த்தவர்களின் பொறுமைக்கும் ஒரு கிண்ணம் கொடுத்திருக்கலாம்.) மே 18ஆம் திகதி ஏதென்சில் பார்சிலோனாவுக்கு எதிரான ஐரோப்பியக் கிண்ண இறுதிப்போட்டி. பரேசிக்கும் கொஸ்டகுர்ட்டாவுக்கும் போட்டித் தடை. எதிரே ரொமாரியோவும் ஸ்டொய்ச்கோவும். பார்சிலோனாவின் கைக்குள் கிண்ணம் வந்துவிட்டது என்றுதான் உலகம் பேசியது. மல்டினி இடப்புறத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்தார். பக்கத்தில் பிலிப்போ கல்லி. முடிவு 4-0, மிலானுக்கு.

பார்த்தீர்களா, பரேசி இல்லாமலும் சுவர் நின்றது, மல்டினிதான் பெரியவர் என்று சொல்லலாம். மைதானத்தில் அந்தத் தம்பியும் அதைத்தான் சொன்னான். நான் அதை வேறுவிதமாக வாசிக்கிறேன். அன்று கோட்டை நகர்த்திய மல்டினியின் காலுக்கு எப்போது அசையவேண்டும் என்று ஏழு ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தவர் பரேசி. ஆள் இல்லை, பழக்கம் இருந்தது. கரையில் நின்று குரல் கொடுப்பவர் ஒரு நாள் வராவிட்டாலும் பழகிய கைகள் வலையைக் கோணவிடா. அதற்காகக் குரல் தேவையில்லை என்று ஆகுமா?

அடுத்த மாதமே மறு சோதனை. உலகக் கிண்ணத்தில் இத்தாலியின் இரண்டாம் ஆட்டத்தில், ஜூன் 23ஆம் திகதி, நோர்வேக்கு எதிராகப் பரேசியின் முழங்கால் குருத்தெலும்பு கிழிந்தது. வயது 34. சத்திரசிகிச்சை செய்தார்கள், கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். அவர் இல்லாமலே மல்டினியும் கொஸ்டகுர்ட்டாவும் நடுவில் நின்று இத்தாலியை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொஸ்டகுர்ட்டாவுக்குத் தடை. காயம்பட்டு 24ஆம் நாள், ஜூலை 17, பசடீனாவின் கொதிவெயிலில் பரேசி இறங்கினார்.

இங்கே அப்போது நள்ளிரவு ஒரு மணி. எங்கள் வீதியில் தொலைக்காட்சி இருந்த ஒரு வீட்டில் இருபது பேர். இரவில் வெளியே நடமாட முடியாத காலம் என்பதால் மாலையிலேயே பாயோடு போய்விட்டோம். எல்லோரும் பிரேசில் பக்கம். திருகோணமலையில் அன்றும் இன்றும் அதுதான் வழமை. 120 நிமிடம் ரொமாரியோவும் பெபேட்டோவும் முட்டி மோதினார்கள், கோல் இல்லை. பிரேசிலுக்காகக் கத்திக்கொண்டிருந்த நான் பாதியில் ஒரு 6ஆம் இலக்கத்தை மட்டும் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அவர் ஓடவில்லை. பந்து வருமுன் அங்கே நின்றார். முடிவில் இத்தாலியின் முதல் தண்ட உதையை எடுக்க நடந்து போனவரும் அவரே. பந்து கம்பத்துக்கு மேலே போயிற்று. உலகம் ரொபேர்ட்டோ பாஜியோ தவறவிட்ட கடைசி உதையைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. பின்கள வீரர் செய்த தவறையும் கணக்கில் எழுதுவதில்லை போலும்.

பிற்காலத்து மிலான் பின்கள வீரர் நெஸ்டாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இளையவர்கள் என்னை மைதானத்துக்குள் விடமாட்டார்கள். 2002 ஓகஸ்ட் கடைசி நாளில் லாசியோ கழகத்திலிருந்து வந்தார், பத்துப் பருவம் ஆடினார். தனியாக, ஒருவருக்கு ஒருவர் என்று வெட்டவெளியில் நிறுத்தினால் மூவரிலும் நெஸ்டாவையே எடுப்பேன். கச்சான் காற்றில் உயரப் போன பந்து எங்கே விழும் என்று பார்த்துச் சொல்லும் கண் சிலருக்கு உண்டு, அந்தக் கண். சறுக்கிப் பறிப்பதிலும் அவருக்கு நிகர் குறைவு. ஆனால் என் அளவுகோல் அவரிடம் உடைகிறது. 1998, 2002, 2006 என மூன்று உலகக் கிண்ணத்திலும் முதற்சுற்றிலேயே காயம்பட்டார். மூன்றாம் முறை செக் குடியரசுடனான ஆட்டத்தில் அவருக்குப் பதிலாக இறங்கிய மட்டராட்சி அன்றே கோல் போட்டார், இறுதிப்போட்டியிலும் போட்டார், இத்தாலி கிண்ணத்தை வென்றது. இல்லாத நாளை மட்டும் பார்த்தால் நெஸ்டா தேவையற்றவர் என்று ஆகிவிடும். அது அபத்தம். பக்கத்தில் கன்னவாரோ போன்ற ஒருவர் நின்றால் எந்தக் குழியும் மூடப்படும்.

ஆகவே எல்லோரும் இருந்த ஒரு நாளையும் பார்க்கவேண்டும். 2005 மே 25, இஸ்தான்புல், லிவர்பூலுக்கு எதிரான ஐரோப்பியக் கிண்ண இறுதிப்போட்டி. கஃபு, ஸ்டாம், நெஸ்டா, மல்டினி. பெயர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் பழைய நால்வரைவிட இது கனதியான கோடு. முதல் நிமிடத்திலேயே மல்டினி கோல் போட்டார். இடைவேளையில் 3-0. பிறகு 54ஆம் நிமிடத்துக்கும் 60ஆம் நிமிடத்துக்கும் இடையில் லிவர்பூல் மூன்று கோல் போட்டது. தண்ட உதைகளில் கிண்ணமும் போயிற்று. அந்த ஆறு நிமிடத்தை நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். மத்தியகளம் கலைந்தது உண்மை. பழி முழுவதும் பின்களத்தினுடையது அல்ல. ஆனாலும் நால்வரும் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கோட்டை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முதல் கோல் விழுந்ததும் ஒருவர் நின்று, கையை நீட்டி, எல்லோரையும் பத்து அடி மேலே கொண்டுவந்திருக்கவேண்டும். அந்த ஒருவர் ஓய்வுபெற்று எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மிகச் சிறந்த வாழ்க்கை யாருடையது என்று கேட்டால் மல்டினி. அதில் சண்டை வேண்டாம். நான்கு நல்ல வீரர்களை ஒரு பின்களமாக ஆக்கியது யார் என்று கேட்டால் பரேசி. என் கேள்வி இரண்டாவது. தம்பிக்கு அது ஏற்கவில்லை. "நீங்கள் பெக் ஆடியவர், அதனால் சொல்கிறீர்கள்" என்றான். மல்டினியும் பெக்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சிறுவர்களின் ஆட்டம் தொடங்கிவிட்டது.

ஐந்தாவது நிமிடத்தில் நீளமாக ஒரு பந்து வந்தது. நடுவில் நின்ற சின்னப் பையன் ஒருவன் மூன்று பேரையும் கத்தி மேலே கூப்பிட்டுவிட்டு, வலக்கையை உயர்த்திக்கொண்டு நின்றான். கோடு கச்சிதமாக இருந்தது. எதிர்ப்பக்கத்துப் பையன் ஓடிப்போய் ஆறுதலாகக் கோலைப் போட்டான். பக்கக் கோட்டில் கொடி பிடிக்க ஆள் இல்லாத ஆட்டம் அது.